பழைய காருக்கு பெட்ரோல் வாடை சகஜம்னு சொல்லாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

செங்கோட்டையில இருந்து எழுதுறேன். காய்கறி மண்டியில கணக்கு பாக்குற ஆளு நான், மெக்கானிக் கிடையாது, எழுதுறதுல தப்பு இருந்தா தெரிஞ்சவங்க திருத்தட்டும். உங்க பேப்பரை தினம் மாவட்டச் செய்தியில இருந்துதான் ஆரம்பிப்பேன். அதுல அப்பப்போ "ஓடும் காரில் தீ"ன்னு ஒண்ணு வந்துரும், படத்துல எலும்புக்கூடா ஒரு வண்டி நிக்கும், கீழ "மின்கசிவு காரணமாக இருக்கலாம்"னு ஒரு வரி, அதோட கதை முடிஞ்சுது. மின்கசிவே இல்லைன்னு நான் சொல்ல வரல. ஃபியூஸ் போடாம கண்ட லைட்டையும் ஆரனையும் மாட்டினா ஒயர் உருகத்தான் செய்யும். ஆனா பொறி மட்டும் இருந்தா போதுமா, எரியுறதுக்கு சாமான் வேணும்லா. அந்த சாமான் எங்க இருந்து வந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்க மாட்டேங்காங்க. 2025 ஆடி மாசம், கேரளா எல்லையில இருக்கிற கோட்டைவாசல்ல வச்சு எனக்கு அது தெரிஞ்சுது.

என் வண்டி 2005 மாடல் மாருதி 800. 2019 ஆரம்பத்துல பந்தளம் பக்கம் ஒருத்தர்கிட்ட வாங்கினது. நம்ம பக்கத்துல கேரளா வண்டின்னா ஒரு மதிப்பு உண்டு, அவங்க நல்லா கழுவித் துடைச்சு வச்சிருப்பாங்க, கிலோமீட்டர் கம்மியா இருக்கும்னு. வண்டி பாக்க என் மாமனாரையும் கூட்டிட்டுப் போனேன், அவரு சங்கரன்கோவில்காரர், மலையாளம் ஒரு வார்த்தை தெரியாது. வண்டிக்காரர் நல்ல மனுசன், ஒளிக்கல, "குறச்சு துரும்புண்டு, பேடிக்கண்டா"ன்னு வாயால சொன்னாரு. மாமா உடனே, துரும்புதானய்யா, துணியை வச்சு ரெண்டு தட்டு தட்டினா போயிரும், வெலையைப் பேசுன்னுட்டாரு. மலையாளத்துல துரும்புன்னா துரு, பேடிக்கண்டான்னா பயப்படாதீங்கன்னு எனக்குத் தெரியும், வாரத்துக்கு ரெண்டு தடவை புனலூருக்கும் கொல்லத்துக்கும் மண்டி பாக்கிக்குப் போறவன் நான், தெரிஞ்சும் பேசாம இருந்தேன், ஏன்னா வெலை 45,000 ரூபா. அந்த வெலைக்கு கொஞ்சம் துருவும் இருக்கட்டும்னு நினைச்சேன். என்ஓசி, இங்க லைஃப் டாக்ஸ், டிஎன் நம்பர்னு அலைஞ்ச கதையை இங்க எழுதினா உங்க பக்கம் பத்தாது.

ஆர்சி ரினீவல் கதையை மட்டும் சொல்லணும். 15 வருஷம் முடிஞ்சா அஞ்சு அஞ்சு வருஷமா ரினீவல் பண்ணணும்லா. 2020 பிப்ரவரியில நான் பண்ணும்போது ஃபீஸ் 600 ரூபா. 2022 ஏப்ரல்ல அதை 5,000 ஆக்கினாங்க, அதனால 2025 பிப்ரவரியில அடுத்த ரினீவலுக்கு 5,000 கட்டினேன், அதே வருஷம் ஆகஸ்ட்ல 20 வருஷம் தாண்டின காருக்கு 10,000ன்னு ஏத்திட்டாங்க. சரி, ஏத்தட்டும். ரெண்டு தடவையும் ஆர்டிஓ ஆபீஸ்ல என் வண்டியில என்ன பாத்தாங்கன்னு சொல்றேன் கேளுங்க. சேசிஸ் நம்பர் மேல பேப்பரை வச்சு பென்சில் தேய்ச்சாங்க. லைட், ஆரன், வைப்பர் பாத்தாங்க. புகை சர்டிபிகேட் கேட்டாங்க. பெயின்ட் பளபளன்னு இருக்கான்னு ஒரு சுத்து சுத்தி வந்தாங்க. முடிஞ்சுது. குனிஞ்சு வண்டிக்கு அடியில பாத்த ஆளு ஒருத்தர் கூட இல்ல. 2025ல ரினீவலுக்குப் போறதுக்கு முன்னாடி நானே 8,000 ரூபாய்க்கு டிங்கரிங் பெயின்டிங் பண்ணித்தான் கொண்டு போனேன், கதவுக்கு கீழ ஓட்டையா இருந்த இடத்துல எல்லாம் பட்டி வச்சு அப்பி, பாக்க புது வண்டி மாதிரி. ஆக, துருவை மறைக்க 8,000 நான் குடுத்தேன், மறைச்சதை பாஸ் பண்ண 5,000 அவங்க வாங்கினாங்க.

இப்ப கோட்டைவாசல் விசயத்துக்கு வாறேன். பசங்க ரெண்டு பேரும் தென்மலை டேம் பாக்கணும்னு உயிரை எடுத்தாங்க. ஞாயித்துக்கிழமை காலையில சாரல் நூல் நூலா விழுது. மலை ஏறுறதுக்கு முன்னாடி நம்ம பக்கம் ஃபுல் டேங்க் போட்டுருவோம், எங்க ஊர்ல எல்லாரும் செய்றதுதான், கேரளாவுல பெட்ரோல் நாலஞ்சு ரூபா கூட. அங்கிருந்து வர்ற வண்டிகளும் இங்க வந்து வாய் வரைக்கும் நிரப்பிட்டுத்தான் திரும்ப மலை ஏறும். பம்புல பெட்ரோல் ஊத்துற துப்பாக்கி டக்குன்னு தானா நின்னப்புறமும் பையன் "ரவுண்டா போட்டுரட்டுமாண்ணே"ன்னு கேட்டான், நானும் போடுன்னேன், இன்னும் ரெண்டு அமுக்கு அமுக்கினான்.

புளியரை தாண்டி எஸ் வளைவுல ஏறும்போதே வீட்டுக்காரி சொன்னா, என்னங்க பெட்ரோல் வாடை அடிக்குன்னு. முன்னாடி ஒரு லாரி உறுமிக்கிட்டு போகுது, அதோட புகைன்னேன். லாரிக்கு டீசல், இது பெட்ரோல்னு அவ சொல்றா. பழைய வண்டின்னா அப்படித்தான் வாடை அடிக்கும், கண்ணாடியை இறக்குன்னேன். ஐயா, இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்த லெட்டரே. ஆறு வருசமா இதையே சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன், ஃபுல் டேங்க் போட்ட அன்னிக்கு லேசா வாடை வரும், மறுநாள் போயிரும், நானும் மறந்துருவேன். அரை டேங்க்ல வராத வாடை ஃபுல் டேங்க்ல மட்டும் வந்தா ஓட்டை மேல்பக்கம் இருக்குன்னு அர்த்தமாம், மெக்கானிக் அப்புறம் சொன்னது. நமக்கு அது அப்ப உறைக்கல.

கோட்டைவாசல்ல லாட்டரி கடை வரிசைக்குப் பக்கத்துல டீக்கு நிறுத்தினேன். பசங்க பாட்டு கேக்கணும்னு சாவியை ஆன்லயே விட்டுட்டு இறங்கிட்டேன். ரோடு பூரா நனைஞ்சு கிடக்கு, அதனால வண்டிக்கு கீழ சொட்டினது தண்ணியா வேற எதுவுமான்னு தெரியல. ஆனா பின் சக்கரத்துக்கு உள்பக்கம் ரோட்டுல வானவில் மாதிரி ஒரு கலர் படர்ந்து ஓடுது. குனிஞ்சு விரல்ல தொட்டேன். தண்ணியை விட ஜில்லுன்னு இருந்துச்சு, தொட்ட அடுத்த நிமிசம் விரல் காஞ்சு போச்சு. அதுதான் பெட்ரோல். பத்தடி தள்ளி டீக்கடை அடுப்பு எரியுது, அதுக்கு அங்கிட்டு ஒரு ஆளு பீடி குடிச்சிட்டு நிக்கான். எனக்கு கை கால் ஓடல. பக்கத்துல நின்ன லாரி டிரைவர்தான், தூத்துக்குடிக்காரர் மாதிரி பேச்சு, "அண்ணாச்சி முதல்ல சாவியை ஆஃப் பண்ணுங்க, பிள்ளைகளை இறக்கி அங்கிட்டு கூட்டிட்டுப் போங்க"ன்னு ஒரு அதட்டு அதட்டினாரு. பீடிக்காரனையும் அவருதான் விரட்டினாரு.

நான் மனசுக்குள்ள நினைச்சது என்னன்னா, சாரல் அடிக்குது, குளிருது, ஈரத்துல எங்க பத்தப் போகுதுன்னு. அது சுத்த மடத்தனம். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி குளிர்லயே பத்திக்கிற அளவுக்கு ஆவி விடுற சாமான். அந்த ஆவி காத்தை விட மூணு நாலு மடங்கு கனம், மேல போகாது, தரையோட தரையா ஊர்ந்து பள்ளம் பாத்துப் போகும். மலை ரோட்டுல பள்ளம் எந்தப் பக்கம்? அன்னிக்கு டீக்கடைப் பக்கம்.

டிரைவர் ஒரு வேலை பண்ணினாரு. நாலு பேரைக் கூப்பிட்டு வண்டியை ஸ்டார்ட் பண்ணாமலே தள்ளித் திருப்பி, மூக்கு இறக்கத்தைப் பாத்த மாதிரி நிறுத்தி, சக்கரத்துக்கு கல்லு போட்டாரு. சொட்டு நின்னு போச்சு! எனக்கு மந்திரம் மாதிரி இருந்துச்சு. விசயம் சின்னதுதான், ஏத்தத்துல போகும்போது டேங்க்ல இருக்கிற பெட்ரோல் பூரா பின்பக்கம் வந்து நிக்கும், டேங்க் மூடியில இருந்து இறங்குற குழாய் சேர்ற இடம் அதுல முங்கிரும், அங்க ரப்பர் வெடிச்சிருந்தா ஒழுகும். சமதளத்துல நம்ம தெருவுல நிறுத்தி எத்தனை தடவை பாத்தாலும் ஒரு சொட்டு காட்டாது. வாய் வரைக்கும் நிரப்பிட்டு உடனே மலை ஏறுற நம்ம பழக்கம் இருக்கே, பழைய வண்டிக்கு அதைவிட மோசமான சோதனை கிடையாது. துப்பாக்கி நின்னா நிறுத்திருங்க, ரவுண்டுக்கு ஆசைப்படாதீங்க.

செங்கோட்டையில இருந்து மெக்கானிக் தம்பி கேனோட வந்து பத்து லிட்டர் உறிஞ்சி எடுத்து, அப்புறம் கயிறு கட்டி இழுத்துட்டு வந்தோம். மறுநாள் டேங்க்கை இறக்கும்போது நானும் கூடவே நின்னேன். அடியில ஒரு இடத்துல தார் தடிப்பா இருந்துச்சு. தாரை சுரண்டினா கீழ எம்சீல். எம்சீலை நெம்பி எடுத்தா அதுக்குக் கீழ மஞ்சளா, கெட்டியா ஒண்ணு. தம்பி நகத்துல கீறி மோந்து பாத்துட்டு சிரிக்கான். பார் சோப்பு! டேங்க் பொத்தல்ல சோப்பை அப்பினா பெட்ரோல்ல கரையாது, அவசரத்துக்கு நிக்கும், நடு ரோட்டுல மாட்டின லாரிக்காரங்க காலங்காலமா பண்றதுதான். வீடு போய்ச் சேர்றதுக்கு உள்ள வைத்தியம் அது. என் வண்டியில யாரோ அதையே நிரந்தரமாக்கி, எம்சீல் போட்டு, தார் பூசி, என் தலையில கட்டியிருக்காங்க. ஆக ஓட்டை ஒண்ணு இல்ல, ரெண்டு.

அதோட முடியல. கதவுக்கு கீழ நீளமா ஒரு பெட்டி மாதிரி தகரம் ஓடும்லா, நான் பட்டி வச்சு அப்பின இடம், அதை தம்பி ஸ்குரூடிரைவர் பிடியால தட்டிக்கிட்டே வந்தான். நல்ல தகரம்னா டங்குன்னு கேக்கும், இது சொத்து சொத்துன்னு. ஓரிடத்துல முனையை வச்சு லேசா அமுக்கினான், பொல்லுன்னு உள்ள போயிருச்சு, உள்ள இருந்து பொடி கொட்டுது. துருன்னா சிவப்பா பொருக்கு பொருக்கா இருக்கும், இது மாவு மாதிரி, சாம்பல் கலர். ஆத்து வண்டல் மண்ணு. அப்பதான் எனக்கு பொறி தட்டுச்சு. 2018 ஆகஸ்ட் வெள்ளத்துல பம்பையும் அச்சன்கோவிலாறும் பொங்கி செங்கன்னூர், பந்தளம் பக்கம் எல்லாம் முங்கிச்சு, நான் வண்டி வாங்கினது அதுக்கு அடுத்த அஞ்சாறு மாசத்துல. சீட்டையும் மேட்டையும் கழுவிரலாம், பெட்டித் தகரத்துக்கு உள்ள போன சேறு எங்க போகும்? அது ஈரத்தை உறிஞ்சி வச்சுக்கிட்டு உள்ள இருந்தே தின்னுக்கிட்டு வந்திருக்கு. வெளிய வர்றப்ப எல்லாம் முடிஞ்சிருக்கும். துரு இரும்பை விட இடத்தை ஜாஸ்தி அடைக்கும், அதனாலதான் பெயின்ட் முதல்ல கொப்புளம் மாதிரி உப்புது. கொப்புளத்தைப் பாத்து அந்த எடத்துக்கு பெயின்ட் அடிக்கிறது, புண்ணு மேல பவுடர் போடுற கதை.

எங்க ஊருக்கு ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் துணியே காயாது, வண்டி எங்க காயும். கேரளாவுல கடலோரம் ஓடின வண்டின்னா உப்புக்காத்தும் சேந்துக்கும். கதவுக்கு அடியில தண்ணி வடியுறதுக்குன்னு சின்ன ஓட்டை விட்டிருப்பாங்க, அதுல இலை, மண்ணு, மெழுகு பாலிஷ் அடைச்சிருக்கும், ஊக்கு வச்சு குத்தி விட்டாலே பாதி துரு குறையும். கால் மிதியடிக்கு கீழ கையை விட்டுப் பாருங்க, பஞ்சு மெத்தை நனைஞ்சு கிடந்தா ஃபுளோர் போய்க்கிட்டு இருக்குன்னு அர்த்தம். அடியில தார் பூசுறதை எல்லாரும் மருந்துன்னு நினைக்காங்க, துருவை சுரண்டாம மேலேயே பூசினா ஈரம் உள்ள மாட்டிக்கும். இன்னொரு கொடுமை, பெட்ரோல் லைன், பிரேக் லைன் ரெண்டுமே அந்த அடிப்பகுதியிலதான் இரும்புக் குழாயா ஓடுது, கிளிப் பிடிக்கிற இடத்துல மண்ணு சேந்து அங்கதான் முதல்ல அரிக்கும். பெட்ரோல் ஒழுகினா வாடையாவது வரும்.

பெட்ரோலையும் சொல்லணும். 2022 ஜூன் வாக்குல 10 சதவீதம் எத்தனால் கலந்தாங்க, இப்ப 20. வேணுமா வேண்டாமான்னு நான் சண்டைக்கு வரல, கரும்பு விவசாயிக்கு காசு வருதுன்னா நல்லதுதான். ஆனா 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டியிலதான் இதுக்கு தாங்குற ரப்பரும் சாமானும், என் வண்டி 2005. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊற வச்சு வெடிக்க விடும், டேங்க்ல ஒட்டிக் கிடந்த அழுக்கை கிளப்பி விட்டு ஃபில்டரை அடைக்கும். மாசக்கணக்கா ஓட்டாம நிறுத்தி வச்ச வண்டின்னா தண்ணியும் எத்தனாலும் சேந்து பிரிஞ்சு டேங்க் அடியில தங்கிரும், துருவுக்கு கேக்கவே வேண்டாம். சில பழைய வண்டிகளுக்கு ரப்பர் சாமானும் கேஸ்கட்டும் மாத்த வேண்டியிருக்கலாம், 20,000 – 30,000 கிலோமீட்டர் ஓடினப்புறம் சர்வீஸ்ல மாத்திக்கலாம், செலவு கம்மின்னு பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்ட்ல விளக்கம் குடுத்துச்சு. செலவு கம்மிதான், ஒத்துக்கிறேன். ஆனா அதை என் பம்புல ஒரு போர்டுல எழுதி வச்சிருந்தா நான் படிச்சிருப்பேன்லா.

பெட்ரோல் வர்ற ரப்பர் ஓஸ் மாத்தும்போது ஒரு எச்சரிக்கை. கார்புரேட்டர் வண்டியில பெட்ரோல் மெதுவா வரும், வெடிச்சா சொட்டும். 2000க்கு அப்புறம் வந்த இன்ஜெக்ஷன் வண்டியில லைனுக்குள்ள பிரஷர் நம்ம டயர்ல அடிக்கிற காத்தை விட ஜாஸ்தி, வெடிச்சா சொட்டாது, பீச்சியடிக்கும், அதுவும் சூடா இருக்கிற இன்ஜின் மேல. அதுக்கு உள்ள ஓஸ் மேல ஆர்9ன்னு அச்சு இருக்கும். மீட்டருக்கு நாப்பது அம்பது மிச்சம்னு கடையில குடுக்கிற சாதா டியூபை வாங்கி கட்டுக்கம்பியால முறுக்கி விடாதீங்க. எலி கடிச்சாலும் இதே கதைதான், அறுப்பு முடிஞ்ச உடனே எங்க தெரு எலி பூரா காருக்குள்ளதான் குடித்தனம்.

டேங்க் ஓட்டையை வெல்டிங் வச்சு அடைச்சுத் தாறேன்னு ஒருத்தர் வந்தாரு, காலி டேங்க்தானே பயமில்லைன்னாரு. பயமே காலி டேங்க்லதான். நிறைஞ்ச டேங்க்ல ஆவிக்கு இடம் கிடையாது, காலி டேங்க் பூரா ஆவி, காத்துல அது ஒன்றரை சதவீதம் கலந்தாலே போதும், பொறி பட்டா டேங்க் குண்டு மாதிரி போயிரும். தெரிஞ்ச ஆளுங்க சோடா போட்டு வெந்நீர்ல ரெண்டு மூணு தடவை அலசி, ஓட்டை வரைக்கும் தண்ணி ரொப்பி, ஈயம் வச்சுத்தான் பத்துவாங்க. என் டேங்க் அதுக்கும் தாங்காதுன்னு தம்பி சொல்லிட்டான், வேற டேங்க்கே போட்டாச்சு. டேங்க், ஓஸ், லைன், கீழ் பட்டை தகரம் வெட்டி ஒட்டுறது எல்லாம் சேத்து 19,500 ரூபா.

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. 15 வருஷம், 20 வருஷம் ஓடின காருக்கு 5,000, 10,000 வாங்குறீங்க, வாங்கிக்கோங்க. அந்த காசுல ஒவ்வொரு ஆர்டிஓ ஆபீஸ்லயும் வண்டிக்கு அடியில இறங்கிப் பாக்க ஒரு பள்ளம் வெட்டுங்க, இல்லைன்னா ரேம்ப் போடுங்க, வண்டியை மேல ஏத்தி டார்ச் அடிச்சு பெட்ரோல் லைன், பிரேக் லைன், டேங்க், அடித்தகரம் இந்த நாலையும் ஒரு ஆளு பாக்கட்டும். பத்து நிமிச வேலை. தேறாதுன்னா ரிப்பேர் பண்ணிட்டு வான்னு திருப்பி அனுப்பட்டும், நாங்க ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டோம். சபரிமலை சீசன்ல எங்க ரோட்டுல எத்தனை பழைய வண்டி ஏழு எட்டு பேரை ஏத்திக்கிட்டு ஃபுல் டேங்க்கோட மலை ஏறுதுன்னு நான் வருசா வருசம் கண்ணால பாக்கிறேன்.

உங்க நிருபர் தம்பிகளுக்கும் ஒரு வேண்டுகோள், அடுத்த தடவை எரிஞ்ச வண்டி செய்தி வந்தா அந்த வண்டியைக் கடைசியா ரிப்பேர் பாத்த மெக்கானிக்கிட்டயும் ரெண்டு வார்த்தை கேளுங்க, ஓட்டுனவங்ககிட்ட முந்தின வாரம் பெட்ரோல் வாடை அடிச்சுதான்னு கேளுங்க.

பழைய வண்டி வாங்கப் போறவங்க ஃபிரிட்ஜ்ல ஒட்டுற காந்தத்தை சட்டைப்பையில போட்டுக்கிட்டுப் போங்க, தகரத்துல ஒட்டும், பட்டியில ஒட்டாது. எங்க வீட்டு ஃபிரிட்ஜ்ல இருந்த முருகன் காந்தம் இப்ப என் கார்லதான் கிடக்கு. ஒரு நாள் மாமா வந்திருந்தாரு, அதை எடுத்து என் வண்டியில கதவு கதவா வச்சுப் பாத்தாரு. பின் கதவுல முருகன் நிக்கல, வழுக்கிக் கீழ விழுந்துட்டாரு. அந்தப் பக்கம் இன்னும் வேலை பாக்கி இருக்கு.

இப்படிக்கு,
ஒரு மண்டிக் கணக்குப்பிள்ளை,
செங்கோட்டை